ஓடாவியின் சொல்லும் அச்சும்: உறுப்பினர் நடத்தும் தொழிற் சஞ்சிகைகள் பற்றி ஒரு நோக்கு

கல்முனையை நடுவில் வைத்து வடக்கே மருதமுனை வரையும், தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையும் நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களின் எழுத்து முயற்சிகளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கவிதையில் தொடங்கிக் கவிதையிலேயே நின்றுவிடுகின்றனர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஈழத்து நவீன கவிதையின் செழுமையான கிளைகளுள் ஒன்று இம்மண்ணிலேயே தழைத்தது. ஆயினும் இதே ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மரத்தை அறுத்தும் இழைத்தும், பாவையும் ஊடையையும் கோத்தும் வாழ்ந்த மக்களிடம் இருந்த அறிவு அச்சேறாமற் போனது ஏன் என்ற வினா எமது விமர்சனத்தில் அரிதாகவே எழுந்துள்ளது. எழுதப்பட்டவற்றை மதிப்பிடுவது மட்டுமே விமர்சனத்தின் வேலை எனில் இவ்வினா வேண்டாததே. எழுதப்படாமைக்கும் சமூகக் காரணம் உண்டென ஒப்புக்கொள்வோமாயின் இதனைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

மேனாடுகளில் மரவேலைச் சஞ்சிகைகளின் எதிர்காலம் இன்று ஒரு பிரச்சினையாகப் பேசப்படுகின்றது. விளம்பர வருவாய் கொண்டு வாழ்ந்த வணிகச் சஞ்சிகைகள் மெலிந்துவர, தொழில் செய்வோரும் ஆர்வலரும் சந்தா சேர்த்துத் தாமே நடத்தும் சங்க வெளியீடுகள் அவற்றின் இடத்தை நிரப்புமா என்பதே அவ்வாதத்தின் சாரம். எமது ஊர்களில் மரவேலைச் சஞ்சிகை என்று ஒன்று இருந்து அழியவில்லை. எனினும் வாசகரே பொறுப்பேற்று நடத்தும் வெளியீடு எவ்வளவு தூரம் தாங்கும், எவ்விடத்தில் முறியும் என்பதைக் கல்முனை வேறொரு துறையில், அதாவது இலக்கியத்தில், சோதித்துப் பார்த்திருக்கின்றது. அச்சோதனையின் பேறுகளைக் கொண்டு மேற்கூறிய வினாவை நோக்குவதும், அதனை எமது ஓடாவிகளின் நிலையோடு பொருத்திப் பார்ப்பதுமே இங்கு நாம் செய்ய முனைவது.

ஓடாவி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வூர்களில் தச்சுத் தொழில் செய்பவரை ஓடாவி என்றே அழைப்பர். அகராதிகளோ இச்சொல்லை மரக்கலஞ் செய்வோனோடு தொடர்புபடுத்துகின்றன. கடலோடு உறவுடைய சொல் கரையேறி, கதவும் கட்டிலும் அலுமாரியும் செய்பவருக்கும் உரியதாயிற்று. அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலே தச்சு வேலை ஒரு குலத்தின் தொழிலாக இருந்துவந்திருக்க, முஸ்லிம் ஊர்களில் அது பிறப்போடு கட்டுண்டதன்று. யாரிடமும் சேர்ந்து பழகலாம். அறிவு குலத்துள் அடைபடாத இத்தகைய சூழலில் அது எழுத்துக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழவில்லை என்பதே கவனத்துக்குரியது.

முதலில் பிற நாடுகளின் அனுபவத்தைச் சுருக்கமாக நோக்குவோம். இங்கிலாந்தில் 'த வூட்வேர்க்கர்' 1901 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1939 முதல் ஏறக்குறைய முப்பதாண்டுகள் அதற்கு ஆசிரியராயிருந்த சாள்ஸ் ஹேவார்ட் தாமே தொழில் பயின்ற தளபாடத் தச்சர்; கட்டுரைகளையும் வரைபடங்களையும் பெருமளவில் தாமே எழுதியும் வரைந்தும் இதழை நிரப்பினார். ஐக்கிய அமெரிக்காவில் 1975 இல் போல் ரோமன் தொடங்கிய 'ஃபைன் வூட்வேர்க்கிங்' வேறொரு வழியில் சென்றது. பத்திரிகையாளரைக் கொண்டு தொழிலை விவரிப்பதற்குப் பதிலாகத் தொழில் செய்பவரையே எழுதச் செய்தது. தத்தம் பட்டறையில் கண்ட சிறு உத்திகளை வாசகர் எழுதியனுப்பும் பகுதி அதன் உயிர்நாடிகளுள் ஒன்றாயிற்று. தொடக்க இதழ்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. அவற்றின் கவர்ச்சி வண்ணத்தில் இருக்கவில்லை.

இவ்வெற்றியைக் கண்டு தொடர்ந்து வந்த பல சஞ்சிகைகள் அதன் புறத்தோற்றத்தைப் பின்பற்றினவேயன்றி அடிப்படையைப் பின்பற்றவில்லை. கருவி விற்போரின் விளம்பரமே அவற்றின் முதுகெலும்பு. வாசகனுக்கு ஓர் இணைப்பைச் செய்யக் கற்பிப்பதிலும் பார்க்க, அவ்வேலையைத் தானே செய்துவிடும் பொறியை வாங்கச் செய்வதே அத்தகைய இதழுக்கு இலாபகரமானது. கருவிக் கம்பனிகள் தமது பணத்தை இணையத்துக்கு மாற்றியதும், வாசகன் செயல்முறையைக் காணொளியில் இலவசமாகக் காணத் தொடங்கியதும், அக்கட்டடம் ஆட்டங்கண்டது. 'அமெரிக்கன் வூட்வேர்க்கர்' 2014 இல் தனி இதழாக வருவதை நிறுத்தியது. 'பொப்பியுலர் வூட்வேர்க்கிங்' சஞ்சிகையை வெளியிட்டுவந்த நிறுவனம் 2019 மார்ச்சில் வங்குரோத்து மனுச் செய்தது. இதழ் கைமாறிப் பிழைத்தது.

இதற்கு மாறாக, உறுப்பினர் சந்தாவில் இயங்கும் வெளியீடுகள் ஓசையின்றித் தொடர்கின்றன. பழைய கருவிகளையும் தொழில் முறைகளையும் ஆராய 1933 இல் அமெரிக்காவில் தோன்றிய சங்கம் ஒன்று தனது ஏட்டைப் பல தசாப்தங்களாக வெளியிட்டு வந்துள்ளது. 1986 இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கடைசல் தச்சர் சங்கத்தின் இதழ் சங்க உறுப்புரிமையோடு சேர்ந்தே வருகின்றது. இங்கு வாசகன் சரக்கை வாங்குபவன் அல்லன், சங்கத்தின் பங்காளி. விளம்பரதாரர் விலகினாலும் இதழின் அடித்தளம் உடனே சரிவதில்லை.

ஆயின் இவற்றை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். அச்சங்கங்களின் உறுப்பினரில் மிகப் பலர் வேறு தொழிலால் வாழ்ந்து, ஓய்வு நேரத்தில் மரத்தைத் தொடுபவர்கள். நாட்கூலிக்கு வேலை செய்யும் தச்சன் அச்சஞ்சிகைகளின் வாசகனாக இருந்தது குறைவு. உழைப்பு ஒரு வர்க்கத்துக்குப் பிழைப்பாகவும் இன்னொரு வர்க்கத்துக்குப் பொழுதுபோக்காகவும் பிரிந்துவிட்ட சமூகத்தில், தொழிலறிவின் அச்சுரிமை இரண்டாமவரிடம் போய்ச் சேர்வது இயல்பே. மேனாட்டு மாதிரியை இங்கு பெயர்த்து நட விரும்புவோர் முதலிற் கவனிக்க வேண்டியது இப்பிளவையே. நிந்தவூரில் பட்டறை வைத்திருப்பவருக்கு ஓய்வு நேரத் தச்சர் சங்கம் எதுவும் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது முதிரையும் பாலையும் கிடைக்காத காலத்தில் எந்த மரத்தை எவ்வாறு பதப்படுத்துவது என்பதும், தமது வேலையின் விலையை எந்த நியாயத்தில் நிர்ணயிப்பது என்பதுமாகும்.

இனிக் கல்முனைக்கு வருவோம். நீலாவணன் ஆசிரியராயிருந்த 'பாடும் மீன்' இப்பிரதேசத்தின் ஆரம்பகால இலக்கிய ஏடுகளுள் ஒன்று. 1969 இல் எம். ஏ. நுஃமான் கவிதைக்கெனவே 'கவிஞன்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். சில இதழ்களோடு அது நின்றது. இவற்றிலும் பார்க்க எமது பொருளுக்கு நெருக்கமானது கல்முனை வாசகர் சங்கம். அளவெட்டியிற் பிறந்த மஹாகவியின் 'கோடை' என்ற பாநாடகம் கல்முனையில் இருந்து நூலாக வந்தமைக்கு இச்சங்கமே காரணம். 1981 இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' வெளிவந்ததும் இதன் வழியேதான். பெயரை உற்று நோக்குக. எழுத்தாளர் சங்கம் என்றோ பதிப்பகம் என்றோ அது தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. வெளியிடுபவன் வாசகனே என்ற கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது. யாழ்ப்பாணத்துக் கவிஞனின் நூலைக் கல்முனை வாசகன் அச்சிடுகிறான். பலஸ்தீனத்தின் துயரத்தைத் தன் துயரமாக ஏற்றுத் தமிழில் படிக்கிறான். சந்தை ஒருபோதும் செய்திராத காரியங்கள் இவை.

இம்முயற்சிகளின் பொருளாதார அடித்தளம் என்ன? பெரும்பாலும் ஆசிரியத் தொழிலில் இருந்தோரின் மாதச் சம்பளம். நண்பர் குழாத்தின் கைமாற்று. அஞ்சலில் அனுப்பிய பிரதிக்கு என்றோ திரும்பி வரும் காசு. ஆசிரியரின் வீடே அலுவலகம், களஞ்சியம், விற்பனை நிலையம் எல்லாம். அவருக்கு இடமாற்றம் வந்தால், மேற்படிப்புக்குச் சென்றால், நோயுற்றால், இதழ் நின்றது. பின்னர் கல்முனையிலிருந்து வந்த 'வியூகம்' முதலானவற்றுக்கும் இதே விதிதான். எமது சிற்றிதழ்கள் வாசகர் இன்மையால் மடிந்தன என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இதில் பாதியே உண்மை. வாசகர் இருந்தனர். ஆனால் அவ்வாசகர் இதழை வாங்கியும் பாராட்டியும் உதவினரேயன்றிப் பொதி கட்டவும், கணக்கு எழுதவும், அச்சுக்கூடத்தில் ஒப்புநோக்கவும் முறைவைத்து வரவில்லை. செலவைப் பங்கிட்ட அளவுக்கு வேலை பங்கிடப்படவில்லை. உறுப்பினர் நடத்தும் வெளியீடு என்பதற்கும் உறுப்பினருக்காக ஒருவர் நடத்தும் வெளியீடு என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. கல்முனை தாண்டத் தவறிய இடமும் இதுவே.

இதழின் கதையோடு தறியின் கதையையும் சேர்த்துப் படித்தால் இன்னொன்று புலப்படும். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது உள்ளூர்ப் புடைவைக்கும் சாரத்துக்கும் சந்தை விரிந்தது. அதே கொள்கையின் கீழ்த் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு குறைய, ஈழத்து இதழ்களும் நூல்களும் மூச்சுவிட இடங் கிடைத்தது. காகிதத் தட்டுப்பாடு வாட்டிய காலமும் அதுதான் என்பதை மறப்பதற்கில்லை. வாழைச்சேனை ஆலை அருகே இருந்தும் சிற்றிதழ்காரன் காகிதத்துக்கு அலைந்தான். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதித் துணி தறிகளை நிறுத்தியது. கடைகளில் மீண்டும் வெளிநாட்டு வாரப் பத்திரிகைகள் தொங்கின. அச்சு என்ற சொல் தறியின் உறுப்புக்கும் நூலை உருவாக்கும் யந்திரத்துக்கும் பொதுவாக இருப்பது தற்செயலே. ஆனால் அவ்விரு அச்சுகளும் ஒரே கொள்கையால் எழுந்து ஒரே கொள்கையால் தளர்ந்தது தற்செயலன்று. வாசகர் சங்கத்தின் 1981 ஆம் ஆண்டு நூல் இத்தளர்ச்சிக்குப் பின்னர் வந்தது என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தையை நம்பாத முயற்சி சந்தை மாறியபோதும் ஒரு சில அடிகள் மேலும் நடக்க முடிந்தது.

இவ்வளவும் இருந்தும் அத்தறியைச் செய்துகொடுத்த ஓடாவி எங்கே? குழித்தறியின் சட்டம், மிதிபலகை, நாடா, அச்சுக்கட்டை யாவும் மரவேலை. நாடாவின் பாரம் சற்றுப் பிசகினால் ஊடை அறும். எந்த மரம் நாடாவுக்கு ஏற்றது, அதன் முனை எவ்வளவு கூர்மையாக அமைய வேண்டும் என்பன போன்ற நுட்பங்கள் நெசவாளனும் ஓடாவியும் நேர்முகமாகப் பேசித் தீர்த்தவை. அந்தப் பேச்சு எமது ஏடுகளின் பக்கங்களில் இடம்பெறவில்லை.

தொழிலறிவைத் தமிழில் எழுதும் மரபே இல்லை என்று கூறித் தப்பிக்கவும் முடியாது. மரக்கலத்துக்குரிய மரங்களின் தன்மை, அளவு, நாள் முதலியவற்றைச் செய்யுளிற் கூறும் 'கப்பல் சாத்திரம்' சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வாயிலாக 1950 இல் அச்சேறியது. 'நாவாய் சாத்திரம்' என்ற இன்னொரு சுவடியும் பதிப்பிக்கப்பட்டுள்ளது. இந்நூல்கள் மதிப்புமிக்க சான்றுகளாயினும், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் கலங் கட்டிவிட முடியாது. நல்ல மரம் எது, தீய சுழி எங்கே, நீரில் இறக்குவதற்கு உகந்த நாள் எது என்பவற்றில் நிற்கும் நூல், பலகையோடு பலகை நீர் கசியாது எவ்வாறு சேர்கின்றது என்பதைத் தொழிலாளியின் கைக்கே விட்டுவிடுகின்றது. சாத்திரமாக எழுதப்பட்ட பகுதி உடைமையாளன் அறிந்திருக்க வேண்டிய பகுதி. உழைப்பவன் அறிந்த பகுதி வாய்மொழியிலேயே தங்கிற்று.

எமது கரையிலேயே இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. சாய்ந்தமருதுக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947 இல் வெளியாயிற்று. மறைந்துபோன ஒரு கருவியை இலக்கியச் சான்றுகளாலும் இசைக் கணிதத்தாலும் மீட்டெடுக்கும் அப்பேருழைப்பின் ஓர் இயல் யாழின் உறுப்புகளைப் பற்றியது. பத்தரும் கோடும் பற்றித் தமிழிற் செய்யப்பட்ட மிக நுண்மையான ஆராய்ச்சி அதுவே எனலாம். ஆனால் அதன் வாசகன் புலவனும் இசைவாணனுமே. உளி பிடிப்பவன் அல்லன். இது அடிகளின் குறையன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருள் அது. குறை, அந்நூலைக் கொண்டாடி வந்த எம்முடையது. அவ்வியலைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, "இந்தப் பத்தரை எந்த மரத்தில் குடைவீர்கள்?" என்று கேட்கும் எண்ணம் எமக்குத் தோன்றவில்லை.

பாடசாலைப் பாடநூல்கள் எழுந்தபோதாவது நிலைமை மாறியிருக்கலாம். 1950களின் நடுப்பகுதி தொடக்கம் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்களை ஆக்கி வெளியிட்டது. தாய்மொழிக் கல்விக்கு அப்பணி ஆற்றிய தொண்டு பெரிது. அதனை இகழ்வது எமது நோக்கமன்று. எனினும் தொழிற்சொற்களைப் பொறுத்தவரை ஆங்கிலச் சொல்லை மேசைமேல் வைத்து அதற்கு நேர் தேடுவதே முறையாயிற்று. 'புறாவால் மூட்டு' போன்ற சொற்கள் அவ்வாறு பிறந்தவை. பட்டறைக்குள் நுழைந்தால் வேறொரு உலகம்: வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எனப் பழந்தமிழ்ச் சொற்கள் ஒரு பக்கம், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, சன்னல் மறுபக்கம், ஒல்லாந்தரின் லாச்சி. தோணியின் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று என்ற சொல் போர்த்துக்கேய வழி வந்தது. மத்தியதரைக் கடலின் பல மொழிகளிலும் அரபிலும் அதன் உறவுச் சொற்கள் உண்டு. இவ்வூர்களின் முந்நூறு நானூறு ஆண்டு வரலாறு ஓடாவியின் கருவிப் பெட்டியில் கிடக்கின்றது. பாடநூலில் மரவேலை கற்ற மாணவன் பட்டறைக்கு வந்ததும் முதலிற் செய்வது தான் கற்ற சொற்களை மறப்பதுதான்.

சாய்ந்தமருதில் நாம் சந்தித்த முதிய ஓடாவி ஒருவரிடம் ஓர் இணைப்பின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள முயன்றோம். அவர் சிரித்தார். "எழுதி வெச்சா யாரு மனே வாசிக்கிற? இதத் தொட்டுப் பாருங்க, பேரு பொறகு வரும்" என்றார். இவ்வார்த்தைகளை எழுத்துக்கு எதிரான வாதமாக நாம் கொள்ளவில்லை. தமக்கு உரியதாக ஒருபோதும் இருந்திராத ஒரு சாதனத்தின் மீது தொழிலாளிக்கு உள்ள நியாயமான ஐயம் அது.

இவ்விடத்தில் எமது முற்போக்கு இலக்கிய இயக்கத்தையும் சற்றுக் கடுமையாகவே விசாரிக்க வேண்டியுள்ளது. 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது முதல் உழைப்பாளி எமது கதைகளின் நாயகனானான். கமக்காரனும் மீனவனும் நெசவாளியும் கவிதையில் பேசினர். இது வரலாற்றுச் சாதனை. ஆயினும் அவர்கள் பேசியது பசியைப் பற்றியும் சுரண்டலைப் பற்றியும் மட்டுமே. தமது தொழிலைப் பற்றி அவர்கள் அறிந்ததை எமது எழுத்தாளர் கேட்டுப் பதிந்தது குறைவு. தொழிலாளியின் துயரத்தை அறிந்த அளவுக்கு அவனது அறிவை நாம் அறியவில்லை. உழைப்பைச் சுரண்டலின் களமாக மட்டும் நோக்கி, அதன் உள்ளே இயங்கும் சிந்தனையைக் காணத் தவறியது எமது சமூகவியல் விமர்சனத்தின் ஒருபக்கச் சார்பு. சிகையலங்காரத் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் 'மல்லிகை'யை நடத்தியதும், தெருத்தெருவாகச் சென்று கைப்பட விற்றதும் நாம் அறிந்தவை. தொழிலாளியால் சஞ்சிகை நடத்த முடியும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை. அவரும் நடத்தியது இலக்கியச் சஞ்சிகையே. அன்றைய சூழலில் ஒரு தொழிலாளி மதிப்புப் பெறும் வாயில் இலக்கியமாகவே இருந்தது. கத்தரிக்கோலின் நுட்பத்தை எழுதினால் யார் மதித்திருப்பர்?

சங்க வெளியீடு என்ற கருத்துக்குள்ளேயே ஒரு முரண்பாடும் இருக்கின்றது. தொழிற்சங்கங்களின் பழைய வடிவமான கைவினைஞர் குழுக்கள் அறிவைப் பரப்புவதற்காகத் தோன்றியவையல்ல, காப்பதற்காகத் தோன்றியவை. அளவும் உத்தியும் வெளியே போகாதிருப்பதே குழுவின் பலம். சஞ்சிகையின் இயல்போ வெளியே சொல்லுவது. நிலமும் முதலும் இல்லாத ஓடாவிக்கு அவரது கைத்திறன் ஒன்றே முதல். அதனை எழுதிக்கொடு என்று கேட்பது, அவரது முதலை இலவசமாகப் பகிர்ந்தளி என்று கேட்பதேயாகும். பல்கலைக்கழகத்துச் சம்பளத்தில் இருந்துகொண்டு இதனைக் கேட்பவர் தமது நிலையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வாளன் வந்து ஒலிப்பதிவு செய்து, கட்டுரை எழுதிப் பட்டம் பெற்றுச் செல்கிறான். சொல்லிக் கொடுத்தவர் பட்டறையிலேயே இருக்கிறார். நாமும் இக்குற்றச்சாட்டுக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி ஒன்றே உண்டு எனத் தோன்றுகின்றது: எது அச்சேற வேண்டும், எது சங்கத்துக்குள் மட்டும் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்பவரே தீர்மானிக்க வேண்டும். அதற்கு வெளியீடு அவருடையதாக இருக்க வேண்டும். உரிமை இன்றிப் பங்களிப்பைக் கோருவது பழைய சுரண்டலின் புதிய வடிவமாகும். 1982 இல் சட்டமொன்றினால் நிறுவப்பட்ட தேசிய அருங்கலைகள் பேரவை போன்ற அரச அமைப்புகள் கண்காட்சியும் விருதும் வழங்குகின்றன. விருது, செய்த பொருளுக்குக் கிடைப்பது. செய்யும் முறையை எழுதிப் பேணும் உரிமை அதனால் வந்துவிடுவதில்லை.

காலம் அதிகம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்லோயாத் திட்டத்தின் கீழ் 1949 முதல் மேற்கே காடுகள் திறக்கப்பட்ட காலத்தில் முதிரை, பாலை, யாவறணை என இக்கரைக்கு வந்த மரம் இன்று அரிது. போர்க்காலத்தில் காட்டுக்குச் செல்வதே உயிராபத்தாயிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஊர்களின் கடற்கரைப் பகுதிகள் துடைத்தெறியப்பட்டன. எத்தனை பட்டறைகள், எத்தனை கருவிப் பெட்டிகள் அதனோடு போயின என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை. நிவாரணப் படிவங்களில் அதற்கென ஒரு நிரல் இருக்கவில்லை. பின்னர் வந்த உதவி பெரும்பாலும் கண்ணாடிநார்ப் படகுகளாகவே வந்தது. மீனவனுக்கு அது நன்மையே. இலேசானது, பழுது பார்க்க எளிது. பலகைத் தோணி கட்டிய ஓடாவிக்கோ அது தொழிலின் ஒரு பாதி மறைந்த நாள். மிகுந்த பாதியை இப்போது இறக்குமதிச் செயற்கைப் பலகையும், கணினி கொண்டு செதுக்கும் பொறியும் பங்கு கேட்கின்றன. பொறியை நாம் பழிக்கவில்லை. இளைஞர் பலர் அதனைத் திறம்பட இயக்குகின்றனர். ஆனால் பொறிக்கு ஊட்டப்படும் சித்திரங்கள் எங்கிருந்தோ பதிவிறக்கப்பட்டவை. இவ்வூர்ப் பழைய வீட்டுக் கதவுகளின் கொடி வேலைப்பாடும் பள்ளிவாசல் மிம்பர்களின் செதுக்கலும் அதன் நினைவில் இல்லை.

ஆகவே காகிதமா திரையா என்ற வாதம் எமக்கு இரண்டாம் பட்சமானது. காணொளி கையின் அசைவைக் காட்டும். அதனை நாம் வரவேற்போம். ஆனால் அளவையும், மரத்தின் குணத்தையும், ஒரு சொல்லின் வழக்கையும், ஒரு வேலையின் கூலிக் கணக்கையும் மீண்டும் மீண்டும் திருப்பிப் பார்க்க ஏடு வேண்டும். அது பட்டறையின் மரத்தூளில் கிடந்து அழுக்கேற வேண்டும். இத்தகைய ஏட்டுக்கு வழுவழுப்பான தாளோ வண்ண அட்டையோ தேவையில்லை. எட்டுப் பக்கம் போதும். 1975 இன் அமெரிக்கச் சஞ்சிகையின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஏற்கெனவே குறிப்பிட்டோம்.

ஒலுவிலில் 1996 முதல் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அதன் மாணவர் பலர் இதே ஓடாவிகளினதும் நெசவாளரினதும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வாப்பாவின் சொல்லை வகுப்பறையில் வெட்கத்தோடு மறைத்து, பாடநூற் சொல்லால் பரீட்சை எழுதுபவர்கள். ஏட்டைத் தொகுக்கும் வேலைக்கு இவர்களே முதன்மையானவர்கள். ஆனால் ஆசிரியர்களாக அன்று, எழுத்தர்களாக. வெள்ளிக்கிழமைகளில் பட்டறைகள் மூடியிருக்கும். ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு பட்டறையின் வாங்குகளில் ஐந்தாறு ஓடாவிகள் அமர்ந்து, ஒருவர் ஒரு வேலையைச் சொல்ல, மற்றவர் மறுத்தும் திருத்தியும் பேச, மாணவன் அதனை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட, எல்லோரும் ஒப்பிய பின்னரே அது அச்சுக்குப் போகட்டும். இந்த முறை எங்கு முறியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம்: எழுதுபவன் பட்டம் பெற்றுக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகும் நாளில். எனவே ஒவ்வோர் இதழையும் வேறொரு பட்டறையும் வேறொரு மாணவனும் பொறுப்பேற்க வேண்டும் என்பதும், கணக்குப் புத்தகம் எழுதியவன் வீட்டில் தங்காது இதழோடு சேர்ந்து பட்டறை பட்டறையாகக் கைமாற வேண்டும் என்பதும் முதல் இதழுக்கு முன்பே எழுதப்பட வேண்டிய விதிகள்.

மொழியைப் பற்றிய ஒரு தகராறு நிச்சயம் எழும். "செப்பமான தமிழில் இல்லை" என்று எம்மவர் சிலர் முகஞ் சுளிப்பர். லாச்சி என்றும் கலப்பற்று என்றும் அச்சில் வருவதா என்பர். முதல் இதழில் அச்சொற்களுக்கு அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதும் ஆசை மாணவனுக்கும் வரும். அந்த அடைப்புக்குறியை ஓடாவிகளே அடித்துவிடுவார்கள் என்று நாம் நம்புகிறோம்.